பாப்பா கேட்ட கேள்விகள்

முழு நிலவு காயும் இரவில் பேருந்தின் சன்னலோரம் உட்கார்ந்து நீங்கள் பயணம் செய்திருப்பீர்கள். சாலையோரப் புளியமரங்கள் பின்னோக்கி ஓடுகின்றன. மின்கம்பங்கள் ஓடுகின்றன. தொலைவில் உள்ள மலைகூட மெல்ல நகர்கிறது. நிலா மட்டும் பின்தங்குவதில்லை. பேருந்து நின்றால் அதுவும் நிற்கிறது. புறப்பட்டால் கூடவே புறப்படுகிறது. இதைப் பார்த்து நீங்கள் கடைசியாக வியந்தது எப்போது? நினைவில்லை அல்லவா? வளர்ந்தவர்கள் வியப்பதை எப்போதோ நிறுத்திவிடுகிறோம்.

என் அக்காள் மகள் நிறுத்தவில்லை. அவளுக்கு அப்போது ஐந்து வயது. வீட்டில் எல்லோரும் அழைப்பதுபோல் அவளைப் பாப்பா என்றே வைத்துக்கொள்வோம். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு வரும் வழியில் என் மடியில் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று கேட்டாள்: "மாமா, நிலா ஏன் நம்ம கூடவே வருது? அதுக்கு வேற வேலை இல்லையா?"

முன் இருக்கையில் இருந்த பெரியவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்து, "அதுக்கு உன்னைப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிப் பேச்சை முடித்திருக்கலாம். பெரும்பாலும் நாம் அப்படித்தான் முடிக்கிறோம். அன்று ஏனோ திருப்பிக் கேட்டேன்: "நீ என்ன நினைக்கிற?"

"அதுக்கு வழி தெரியாது. அதான் நம்ம பஸ் பின்னாடியே வருது."

"சரி, எதிர்ப் பக்கம் போற பஸ்ஸுல ஒரு பாப்பா உட்கார்ந்திருக்குன்னு வச்சுக்கோ. அந்தப் பாப்பா கூட யாரு போவா?"

அவள் யோசித்தாள். வாடிப்பட்டி வரும் வரையில் யோசித்தாள். பிறகு சொன்னாள்: "அந்தப் பாப்பா கூடயும் நிலாதான் போகும். ஆனா நிலா ஒண்ணுதானே இருக்கு? அது எப்படி மாமா?"

வாசகர்களே, இந்தக் கடைசிக் கேள்வி எளிய கேள்வி அல்ல. ஒரு கருத்தைச் சொல்லி, அதை இன்னொரு நிலையில் வைத்துப் பார்த்து, அது பொருந்தவில்லை என்று தானே கண்டுபிடித்துக் கேட்ட கேள்வி அது. அறிவியலார் செய்வதும் இதைத்தான். முதலில் அவள் கேள்விக்கு விடை காண்போம். பிறகு, குழந்தைகளுடன் மனம்விட்டுப் பேசுவது பற்றி உளவியலார் கண்டறிந்தவற்றைப் பார்ப்போம்.

நிலா கூட வருவது எப்படி?

சாலையிலிருந்து 20 மீட்டர் தொலைவில் ஒரு மரம் நிற்கிறது. அது உங்களுக்கு நேர் எதிரே இருக்கும்போது பேருந்து 20 மீட்டர் முன்னே செல்கிறது. இப்போது மரத்தைப் பார்க்க நீங்கள் தலையை 45 பாகை பின்னால் திருப்ப வேண்டும். அதனால்தான் மரம் ஓடுவதுபோல் தெரிகிறது.

அடுத்து, 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மலையை எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்து அதே 20 மீட்டர் சென்றால் மலை இருக்கும் திசை ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குதான் மாறும். ஒரு கிலோமீட்டர் சென்றால்தான் ஏறத்தாழ 6 பாகை மாறும். எனவே மலை மெல்ல நகர்கிறது.

நிலா இருப்பதோ சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் என்று கொள்வோம். அவ்வளவு தூரமும் நேர்கோட்டில் சென்றால்கூட, நம் பயணத்தால் நிலா இருக்கும் திசை ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கு அளவுகூட மாறாது. வானத்தில் நிலாவின் அகலமே அரைப் பாகைதான். அந்த அகலத்திலும் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் மாற்றமில்லை. அதைக் கண் எப்படி அறியும்? மரமும் கம்பமும் பின்தங்க, நிலா மட்டும் பின்தங்காததால், கூடவே வருவதாக நமக்குத் தோன்றுகிறது. எதிர்த்திசையில் செல்லும் பேருந்தில் உள்ளவருக்கும் இதே கணக்குத்தான். (பூமி சுழல்வதால் நிலா மணிக்கு ஏறத்தாழ 15 பாகை மேற்கே நகர்வது வேறு செய்தி. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் அது நகரும்.)

பாப்பாவிடம் பாகைக் கணக்கைச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று, பக்கத்திலிருந்த கொடிக்கம்பியையும் தொலைவிலிருந்த கோபுரத்தையும் காட்டி, நடந்துகொண்டே பார்க்கச் சொன்னேன். இரண்டு நடை நடந்தாள். "பக்கத்துல இருக்கிறது சீக்கிரம் போகுது. தூரத்துல இருக்கிறது போகவே மாட்டேங்குது" என்றாள். அவ்வளவுதான் விடை.

தவறான விடையிலும் ஒழுங்கு உண்டு

"நிலாவுக்கு வழி தெரியாது" என்று பாப்பா சொன்னதைக் கேட்டால் மகிழ்ந்திருக்கக்கூடிய அறிஞர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ழான் பியாஜே. 1896-இல் ஸ்விட்சர்லாந்தில் பிறந்தவர். சிறு வயதில் சிட்டுக்குருவியையும் நத்தையையும் ஆராய்ந்த அவர், 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிஸ் நகரில் ஒரு வேலையில் சேர்ந்தார். அறிவுத்திறன் சோதனை ஒன்றைக் குழந்தைகளுக்கு நடத்தி, சரியான விடைகளை எண்ணுவதுதான் வேலை. சரியான விடைகளைவிடத் தவறான விடைகள்தாம் அவர் கருத்தைக் கவர்ந்தன. ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே வகையில் தவறு செய்தார்கள். அப்படியானால் அது கவனக்குறைவன்று. அந்த வயதுக்கே உரிய ஒரு சிந்தனை முறை என்று அவர் கருதினார்.

மதிப்பெண் போடுவதை விட்டுவிட்டுக் குழந்தைகளுடன் உட்கார்ந்து பேசத் தொடங்கினார். காற்று எங்கிருந்து வருகிறது? கனவு எங்கே இருக்கிறது? கதிரவனுக்கு உயிருண்டா? குழந்தை ஒரு விடை சொன்னால், "ஏன் அப்படி?" என்று அதன் பின்னாலேயே அடுத்த கேள்வி செல்லும். இப்படித் திரட்டியவற்றை, குழந்தை உலகைக் காணும் விதம் பற்றி 1926-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். நிலா தங்களைத் தொடர்ந்து வருகிறது என்று ஜெனீவாவின் குழந்தைகளும் அவரிடம் சொன்னார்கள். வைகையாற்றங்கரைக் குழந்தைக்கும் ஜெனீவா ஏரிக்கரைக் குழந்தைக்கும் தோன்றுவது ஒன்றே!

குழந்தையை அறிவியல் கண்கொண்டு பார்த்தவர்களில் பியாஜேக்கும் முன்னோடி சார்லஸ் டார்வின். 1839-இல் தம் மூத்த மகன் பிறந்தது முதல் அவன் சிரிப்பு, அழுகை, கோபம், அச்சம் எல்லாவற்றையும் குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகளிலிருந்து எழுதிய கட்டுரையை 1877-இல் வெளியிட்டார். உயிரினங்களின் தோற்றத்தை ஆராய்ந்தவருக்குத் தொட்டிலில் கிடந்த பிள்ளையும் ஆராய்ச்சிக்கு உரியதாக இருந்தது.

நாம் எப்படிக் கேட்கிறோம்?

பியாஜேயின் புகழ்பெற்ற சோதனை ஒன்றை உங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரே மாதிரியான இரண்டு டம்ளர்களில் சம அளவு மோர் ஊற்றுங்கள். "எதில் அதிகம்?" என்று ஐந்து வயதுக் குழந்தையிடம் கேளுங்கள். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லும். பிறகு அதன் கண் முன்னாலேயே ஒரு டம்ளரின் மோரை ஒல்லியான உயர்ந்த டம்ளருக்கு மாற்றுங்கள். மறுபடியும் கேளுங்கள். பெரும்பாலும், "ஒசரமா இருக்கிறதுலதான் அதிகம்" என்று சொல்லும். ஏழு வயதுக் குழந்தையைக் கேட்டால், "ஊத்தினது அதே மோர்தானே" என்று நம்மைப் பார்த்துச் சிரிக்கும். உருவம் மாறினாலும் அளவு மாறாது என்ற எண்ணம் இந்த இரண்டு வயதுகளுக்கு இடையில்தான் உறுதிப்படுகிறது.

நான் பாப்பாவிடம் இதைச் செய்தபோது அவளும் உயரமான டம்ளரைத்தான் காட்டினாள். ஆனால் பிற்பாடு அவளாக ஒன்று சொன்னாள்: "நீ மறுபடியும் கேட்டியா, அப்ப முன்னாடி சொன்னது தப்புன்னு நெனச்சேன்."

இது வெறும் சாக்குப்போக்கு என்று தள்ளிவிடாதீர்கள். பள்ளியில் ஆசிரியர் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? விடையை மாற்றிச் சொல்வீர்கள் அல்லவா? 1974-இல் ஆராய்ச்சியாளர் இதைச் சோதித்தார்கள். மாற்றிய பிறகு ஒரே ஒரு முறை மட்டும் கேட்டபோது சரியான விடை சொன்ன குழந்தைகள் அதிகமாக இருந்தார்கள்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஜேம்ஸ் மெக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் என்ற இருவர் அதே ஆண்டில் இன்னொரு சோதனை செய்தார்கள். இரண்டு வரிசைகளில் சம எண்ணிக்கையில் வில்லைகளை அடுக்கினார்கள். வழக்கமான சோதனையில் ஆராய்ச்சியாளரே ஒரு வரிசையை நெருக்கி அல்லது நீட்டி வைத்துவிட்டு, "எதில் அதிகம்?" என்று கேட்பார். இவர்கள் ஒரு பெட்டியிலிருந்து குறும்புக்காரக் கரடிப் பொம்மை ஒன்றை வெளியே வரவிட்டு, அது வரிசையைக் கலைத்துவிட்டதுபோல் செய்தார்கள். 4 முதல் 6 வயது வரையிலான 80 குழந்தைகள் இதில் கலந்துகொண்டார்கள். பெரியவர் மாற்றி வைத்தபோது சிலரே சரியாகச் சொன்னார்கள். கரடி கலைத்தபோதோ பாதிக்கு மேற்பட்டவர்கள் "ரெண்டும் சமம்தான்" என்று சொன்னார்கள்.

இதிலிருந்து தெரிவது என்ன? குழந்தை நம் கேள்வியை மட்டும் கேட்பதில்லை. கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார், எந்த விடையை எதிர்பார்க்கிறார் என்பதையும் சேர்த்தே கேட்கிறது. பெரியவர் வேண்டுமென்றே ஒன்றை மாற்றினால், அதில் ஏதோ பொருள் இருக்க வேண்டும் என்று நினைக்கிறது. ஆகவே குழந்தையின் உண்மையான எண்ணம் தெரிய வேண்டுமானால், தேர்வு நடத்துபவராக அதன் முன் உட்காரக் கூடாது.

இலண்டனில் பார்பரா டைசார்ட், மார்ட்டின் ஹ்யூஸ் இருவரும் செய்த ஆய்வு 1984-இல் நூலாக வந்தது. நான்கு வயதை நெருங்கிய 30 சிறுமிகளின் பேச்சை வீட்டிலும் மழலையர் பள்ளியிலும் பதிவு செய்தார்கள். வீட்டில் தாயிடம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 26 கேள்விகள் கேட்ட சிறுமிகள், பள்ளியில் ஆசிரியையிடம் கேட்டவை சராசரியாக 2 மட்டுமே! ஏழை வீடாயினும் வசதியுள்ள வீடாயினும், பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் அறிவார்ந்த பேச்சு நடந்துகொண்டுதான் இருந்தது. கேள்வி பிறப்பதற்குக் கரும்பலகை வேண்டியதில்லை. அஞ்சாமல் கேட்கத்தக்க ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

"நேத்தன்னைக்கு"

பேசிக்கொண்டிருந்தால் இன்னொரு மகிழ்ச்சியும் கிடைக்கும். ஒருநாள் பாப்பா, "நேத்தன்னைக்கு நாங்க சந்தைக்குப் போனோம்" என்றாள். அப்படி ஒரு சொல் தமிழில் இல்லை. யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது? நாளைக்கு அடுத்த நாள் "நாளன்னைக்கு" என்றால், நேற்றுக்கு முந்தைய நாள் "நேத்தன்னைக்கு" ஆகத்தானே வேண்டும்! நாம் "முந்தாநாள்" என்கிறோம். நியாயம் என்னவோ அவள் பக்கம்தான்.

குழந்தை கிளிப்பிள்ளைபோல் கேட்டதையே திருப்பிச் சொல்வதில்லை. கேட்டவற்றிலிருந்து விதிகளைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. 1958-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜீன் பெர்கோ இதை அழகாகக் காட்டினார். "வக்" என்ற கற்பனைப் பெயரைச் சூட்டி ஒரு விந்தைப் பறவையின் படத்தைக் குழந்தைகளுக்குக் காட்டினார். பிறகு அதுபோல் இரண்டைக் காட்டி, இவை என்ன என்று கேட்டார். ஒருபோதும் கேட்டிராத அந்தச் சொல்லுக்கும் குழந்தைகள் சரியான பன்மை விகுதி சேர்த்துச் சொன்னார்கள். நீங்களும் "டொப்பி" என்று ஒரு பூச்சியை வரைந்து உங்கள் வீட்டுக் குழந்தையிடம் கேட்டுப் பாருங்கள்.

அந்தக் கேள்வி

இதுவரை சொன்னவை எளியவை. இனிச் சொல்லப்போவது நான் தவறிய கதை.

பாப்பாவுக்கு ஐந்தரை வயதாகும்போது என் தந்தையார் காலமானார். வீடு நிறைய உறவினர். அழுகையும் பறையொலியும் பந்தலுமாக இருந்தது. கூட்டத்தில் நின்றுகொண்டிருந்த பாப்பா என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "தாத்தா ஏன் எந்திரிக்கல?" என்று கேட்டாள். எனக்கு இருந்த நிலையில் வாயில் வந்ததைச் சொன்னேன்: "தாத்தா தூங்குறாரும்மா." பக்கத்து வீட்டுக்கு அவளை அனுப்பிவிட்டோம். அவள் திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. "தாத்தா ஊருக்குப் போயிருக்காரு" என்று வேறொருவர் சொன்னார்.

அதன் பிறகு சில வாரங்கள் பாப்பா இரவில் தூங்க மறுத்தாள். விளக்கை அணைத்தால் அழுவாள். நடு இரவில் எழுந்து தன் தாயை உலுக்கி எழுப்புவாள். ஒருநாள் மதியம் நான் சற்றுக் கண்ணயர்ந்திருந்தேன். என் மூக்கின் கீழ் ஏதோ ஊர்வதுபோல் இருந்தது. விழித்துப் பார்த்தால் பாப்பாவின் விரல். "மூச்சு விடுறியான்னு பாத்தேன் மாமா" என்றாள்.

அப்போதுதான் என் தவறு எனக்குப் புரிந்தது. தூங்கிய தாத்தா எழவில்லை. அப்படியானால் தூங்கும் யாரும் எழாமல் போகலாம் அல்லவா? அவள் நினைத்ததில் பிழை எதுவும் இல்லை. நான் கொடுத்த செய்திதான் பிழையானது.

இதைப் பற்றியும் ஆய்வுகள் உண்டு. மரியா நாகி என்ற ஹங்கேரிய உளவியலார், புடாபெஸ்ட் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 3 முதல் 10 வயது வரையிலான 378 குழந்தைகளிடம் சாவைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டறிந்தார். அந்த ஆய்வு 1948-இல் வெளியாயிற்று. மிகச் சிறிய குழந்தைகள் சாவை ஒரு பயணம்போலவோ உறக்கம்போலவோ எண்ணினார்கள். போனவர் திரும்பி வரலாம், படுத்தவர் எழலாம். 1984-இல் மார்க் ஸ்பீஸ், சாண்டர் பிரென்ட் இருவரும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சாவைப் புரிந்துகொள்வதில் மூன்று கருத்துகள் அடங்கியுள்ளன என்று காட்டினார்கள். செத்தவர் திரும்புவதில்லை, செத்த உடலில் பசி, வலி, மூச்சு எதுவும் இயங்குவதில்லை, உயிருள்ள எல்லாவற்றுக்கும் சாவு உண்டு. இவற்றைப் பெரும்பாலான குழந்தைகள் 5 வயதுக்கும் 7 வயதுக்கும் இடையில் அறிந்துகொள்கிறார்கள்.

சரியாக அந்த வயதில்தான் நாம் "தூங்குகிறார்", "ஊருக்குப் போயிருக்கிறார்" என்று சொல்லி அவர்களைக் குழப்புகிறோம்.

உண்மையைச் சொன்னால் குழந்தை பயந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் வர்ஜீனியா ஸ்லாட்டர் என்ற உளவியலார் இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டார். 2003-இல் வெளியான ஆய்வில், பள்ளி செல்லும் வயதுக்கு முன்பே குழந்தைகளுக்கு இதயம், நுரையீரல், வயிறு ஆகியவை எதற்காக இயங்குகின்றன என்று கற்பித்தார்கள். உடல் எப்படி வாழ்கிறது என்று தெரிந்துகொண்ட குழந்தைகளுக்குச் சாவு என்றால் என்ன என்பதும் முன்னைவிடத் தெளிவாகப் புரிந்தது. 2007-இல் வெளியான மற்றோர் ஆய்வில் 4 முதல் 8 வயது வரையிலான 90 குழந்தைகள் கலந்துகொண்டார்கள். சாவைத் தெளிவாகப் புரிந்துகொண்டிருந்த குழந்தைகளுக்கு அதைப் பற்றிய அச்சம் குறைவாகவே இருந்தது. ஆக, அரைகுறை விடையைவிடத் தெளிந்த விடையே குழந்தைக்கு ஆறுதல்.

மொட்டைமாடியில் ஓர் இரவு

அன்று இரவு பாப்பாவை மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்றேன். பழைய நாட்காட்டித் தாள் ஒன்றைக் குழல்போல் சுருட்டினேன். ஒரு முனையை என் நெஞ்சில் வைத்து, மறு முனையில் அவளைக் காது வைக்கச் சொன்னேன். 1816-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் லெனெக் இப்படித் தாளைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதிலிருந்துதான் இன்றைய மருத்துவர் கழுத்தில் தொங்கும் இதயத்துடிப்புமானி பிறந்தது.

"லப் டப்னு கேக்குது!" என்றாள்.

கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினோம். எனக்கு நிமிடத்துக்கு 70-ஐ ஒட்டி இருந்தது. அவளுக்கோ ஏறத்தாழ 100. சிறு குழந்தைகளின் இதயம் பெரியவர்களுடையதைவிட விரைந்து துடிப்பது இயல்பு. நெஞ்சுக்குள் ஒரு பம்பு இருப்பதையும், அது உடம்பெங்கும் இரத்தத்தை அனுப்புவதையும், நாம் தூங்கும்போதுகூட அது நிற்காமல் ஓடுவதையும் சொன்னேன்.

"தூங்கும்போது கூடவா?"

"ஆமா. நேத்து ராத்திரி பூரா உனக்கு அடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு."

சற்று நேரம் பேசாமல் இருந்தாள். நான்தான் தொடங்கினேன். "பாப்பா, அன்னைக்கு மாமா உங்கிட்ட தப்பாச் சொல்லிட்டேன். தாத்தா தூங்கல. செத்துப் போயிட்டாரு. அவருக்கு இந்தப் பம்பு நின்னு போச்சு. டாக்டர் எவ்வளவோ பாத்தாரு. மறுபடி ஓடவைக்க முடியல. இனிமே தாத்தா வரமாட்டாரு."

"ஊருலேருந்து கூடவா?"

"ஊருக்குப் போகவே இல்லம்மா."

பிறகு அவள் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. "தாத்தாவுக்குப் பசிக்காதா?" பசி என்பது வயிறும் மூளையும் சேர்ந்து செய்யும் வேலை, அந்த வேலை நின்றுவிட்டது என்றேன். "தீ வச்சாங்கன்னு அண்ணன் சொன்னான். சுட்டிருக்குமா?" இந்தக் கேள்வி எத்தனை நாட்களாக அவளுக்குள் இருந்ததோ! சுடுவதை நரம்புகள் மூளைக்குச் சொன்னால்தான் வலி தெரியும். தாத்தாவின் மூளை முன்பே நின்றுவிட்டது, அதனால் அவருக்கு வலி இல்லவே இல்லை என்றேன். அவள் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"உனக்கும் நின்னு போகுமா?"

"ஒரு நாள் நின்னு போகும்."

"அம்மாவுக்கு?"

இங்கே எனக்குத் தொண்டை அடைத்தது. "எல்லாருக்கும் ஒரு நாள் நிக்கும். ஆனா அம்மா நல்லா இருக்கா. இன்னும் ரொம்ப ரொம்ப வருஷம் இருப்பான்னுதான் நான் நினைக்கிறேன்." உறுதியாக என்னால் சொல்ல முடியாததை உறுதி என்று சொல்லவில்லை.

பாப்பா அழுதாள். நானும் அழுதேன். தந்தையார் காலமான அன்று வந்தவர்களைக் கவனிக்கும் பொறுப்பில் எனக்கு அழ நேரமிருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப தாத்தா செருப்பை நான் போட்டுக்கலாமா?"

மறுநாள் காலையில் தன் காலைவிட இரண்டு மடங்கு நீளமான தோல்செருப்பை இழுத்துக்கொண்டு முற்றத்தில் நடந்தாள். இரவில் தூக்கம் உடனே சீராகிவிடவில்லை. மேலும் சில நாட்கள் படுக்கும் முன் தன் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துக்கொள்வாள். பிறகு அதுவும் நின்றது.

நீங்கள் செய்யக்கூடியவை

குழந்தை கேட்டால் முதலில், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். எங்கே குழப்பம் என்று அதன் விடையே காட்டிவிடும். கேட்ட அளவுக்கு விடை சொல்லுங்கள். ஒரு சொற்பொழிவு வேண்டாம். தெரியாவிட்டால் "தெரியாது, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். தவறாகச் சொல்லிவிட்டால் திருத்திக்கொள்ளுங்கள். அதனால் உங்கள் மதிப்புக் குறைந்துவிடாது.

சாவைப் பற்றிக் கேட்டால் "செத்துப் போனார்" என்ற சொல்லையே சொல்லுங்கள். அதன் பிறகு ஆன்மாவைப் பற்றியோ கடவுளைப் பற்றியோ என்ன சொல்வது என்பது அவரவர் குடும்ப நம்பிக்கை. உடல் இயக்கம் நின்றுவிட்டது, அவர் திரும்பி வரமாட்டார் என்பதை மட்டும் மறைக்க வேண்டாம். அச்சமும் தூக்கமின்மையும் மாதக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

மாணவ நண்பர்களே, இது பெரியவர்களுக்கு மட்டும் சொன்னதன்று. உங்கள் வீட்டிலும் தம்பி, தங்கை, அக்காள் பிள்ளை, சித்தப்பா பிள்ளை என்று யாராவது இருப்பார்கள். வீட்டுப்பாடம் எழுதும்போது அவர்கள் வந்து கேட்டால் ஐந்து நிமிடம் பேனாவை மூடி வையுங்கள். நீங்கள் புரிந்துகொண்டதாக நினைக்கும் பாடம் உண்மையில் புரிந்திருக்கிறதா என்று அப்போது தெரியும்.

பாப்பாவுக்கு இப்போது ஏழு வயது. அவள் தம்பிக்கு மூன்று. அண்மையில் அதே சாலையில், அதேபோல் நிலா வெளிச்சத்தில் பேருந்தில் வந்துகொண்டிருந்தோம். தம்பி சன்னலுக்கு வெளியே விரலை நீட்டி, "நிலா கூடவே வருது. உள்ள தாத்தா இருக்காரா?" என்று கேட்டான். யாரோ அவனிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பாப்பா சொன்னாள்:

"தாத்தா செத்துப் போயிட்டாருடா. நிலா ரொம்பத் தூரத்துல இருக்கு, அதான் கூட வர்ற மாதிரி தெரியுது. அது வேற, இது வேற." பிறகு அவனைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டு, "சரி, நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டாள்.